ஹிட்ச்காக்கும் ஒரு டம்ளர் பாலும்: வீட்டுக்கடனுக்குப் பிந்தைய பார்வையில் ஒரு தாழ்ப்பாள்முறை மதிப்பீடு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் (1899–1980) படங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் ஏறி நின்றால் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிவிடலாம். ஆயினும் அப்படங்களைக் கல்லூரிக் காலத்தில் ஒருமுறையும், வீட்டுக்கடன் வாங்கியபின் மறுமுறையும் பார்த்த ஒருவனின் மனநிலையை அவை உரிய முறையில் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இப்பெரும் இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். முன்னாய்வுகள் அனைத்தும் முறைப்படி பட்டியலிடப்பட்டன, படிக்கப்படவில்லை. இது துறையில் நிலைபெற்ற மரபு.

கருதுகோள் வருமாறு: இளையோன் கொலையைப் பார்க்கிறான், மூத்தோன் செலவைப் பார்க்கிறான்.

மதிப்பீட்டு அலகு பற்றி ஒரு சொல். நட்சத்திரம் வழங்கும் முறை கைவிடப்பட்டது; நட்சத்திரம் கொடுக்கப் படம் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைப் பத்திரிகைகள் ஐயத்திற்கிடமின்றி நிறுவிவிட்டன. மாற்றாகத் 'தாழ்ப்பாள்' என்னும் அலகு இங்கு முன்மொழியப்படுகிறது. படம் முடிந்தபின், படுக்கப் போகுமுன், பார்வையாளர் எழுந்து சென்று சரிபார்க்கும் தாழ்ப்பாள்களின் எண்ணிக்கையே அப்படத்தின் தரம். சமையல் எரிவாயு வால்வைத் திருகிப் பார்த்தால் அரைத் தாழ்ப்பாள். ஏற்கெனவே பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது கணக்கில் சேராது, அது வயது.

இனி படங்கள்.

தி மவுண்டன் ஈகிள் (1926): இப்படத்தின் பிரதி உலகில் எங்கும் கிடைக்கவில்லை. எனவே ஒரு குறையும் கண்டறிய முடியவில்லை. ஐந்து தாழ்ப்பாள். இது மிக மோசமான படம் என்று இயக்குநரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலம் கைக்கு எட்டாத நிலையில், ஆக்கியோன் வாய்மொழியை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது ஆய்வறம் ஆகாது.

தி பேர்ட்ஸ் (1963): பின்னணி இசை இல்லை. கண்ணாடிச் செலவு மிகுதி. மூன்று.

ரோப் (1948): பிணத்தைப் பெட்டிக்குள் திணித்துவிட்டுப் பெட்டியின்மேல் விருந்து பரப்புகிறார்கள். அதே வீட்டில் நல்ல சாப்பாட்டு மேசை ஒன்று இருக்கிறது. அதில் அழகாக அடுக்கியதை எல்லாம் பெட்டிமேல் மாற்றச் சொல்லிவிட்டார்களே என்று பணிப்பெண் முணுமுணுக்கிறார். படத்தில் நியாயமாகப் பேசும் முதல் குரல் அவருடையது. வெட்டே தெரியாமல் நீளநீளக் காட்சிகளாக எடுத்த உத்தியைப் பற்றிப் பிறர் எழுதட்டும். இரண்டரை.

நார்த் பை நார்த்வெஸ்ட் (1959): கேரி கிராண்டுக்குத் தாயாக நடித்த ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் அவரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். இளமையில் இது உறுத்தவில்லை. நாற்பதைத் தாண்டிய அனைவரும் அப்போது ஒரே வயதினராகவே தெரிந்தார்கள். இப்போது உறுத்துகிறது. ரஷ்மோர் மலை உணவகக் காட்சியில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்ளும் சிறுவன் ஒருவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் படப்பிடிப்புக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள். இதே சிறுவன் ஒரு பிரெஞ்சு இயக்குநரின் படத்தில் காதைப் பொத்தியிருந்தால், காலம் பற்றிய மெய்யியலுக்கு அவன் பெயரில் மூன்று கருத்தரங்குகள் நடந்திருக்கும். மூன்றரை.

ரியர் விண்டோ (1954): 1975-ல் லாரா மல்வி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின், இப்படத்தில் கதாநாயகன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதைப் பற்றி எழுதாத திரைப்படத் துறை மாணவர் தேர்ச்சி பெறுவது கடினம். அவன் சொறிந்துகொள்வதைப் பற்றி எழுதியவர் யார்? இடுப்புவரை மாவுக்கட்டு, நியூயார்க் கோடை, உள்ளே அரிப்பு. நீண்ட குச்சி ஒன்றைக் கட்டுக்குள் விட்டு அந்த இடத்தைத் தொடும் கணத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முகத்தில் தோன்றும் பரவசம், கிரேஸ் கெல்லி முத்தமிடும்போதுகூடத் தோன்றவில்லை. இளைஞராக இருந்தபோது இந்த ஒப்பீடு நமக்கு எட்டவில்லை. முதுகுவலி வந்தபின் எட்டுகிறது. பாராமவுண்டில் 31 குடியிருப்புகள் கொண்ட முற்றத்தையே செட்டாகப் போட்டார்கள். அத்தனை வீட்டிலும் இரவில் திரைச்சீலையை இழுத்து மூடும் வழக்கம் மிகக் குறைவு என்பது சமூகவியலாளர் கவனத்திற்கு. நான்கு, கூடவே ஒரு ஜன்னல்.

வெர்டிகோ (1958): வெளியானபோது விமர்சகர்கள் அரைமனத்தோடுதான் வரவேற்றார்கள். பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கு வாங்கி உலகின் தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. அதில் இப்படம் 1982-ல் ஏழாம் இடம். 1992-ல் நான்காம் இடம். 2002-ல் இரண்டாம் இடம். 2012-ல் சிட்டிசன் கேனைத் தள்ளிவிட்டு முதலிடம். இடையில் 1996-ல் படத்தைத் துலக்கிப் புதுப்பித்தார்கள் என்றாலும் கதை அதே கதைதான். உயரம் ஏறினால் தலைசுற்றும் ஒருவனின் துயரத்தில் உள்ள காவியத்தன்மை, மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பருவத்தில்தான் விமர்சகருக்கு விளங்குகிறது என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். 2022-ல் வாக்காளர் பட்டியலைப் பெரிதாக்கினார்கள். படம் மறுபடி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முட்டி தேயாத சிலர் பட்டியலில் நுழைந்துவிட்டார்கள் என்று கொள்க.

இப்படத்தின் தலையாய வசனம் எது? காதல் பற்றியதோ மரணம் பற்றியதோ அன்று. தனக்குச் சொந்த வருமானம் உண்டு, ஏதோ ஓரளவுக்கு உண்டு என்று வேலையை விட்ட போலீஸ்காரர் தொடக்கத்திலேயே தோழியிடம் சொல்லிவிடுகிறார். இளமையில் இது காதிலேயே விழவில்லை. பிற்பாதியில் அவர் ஒரு பெண்ணைக் கடைக்கு அழைத்துப் போய்ச் சாம்பல் நிற உடை, காலணி, முடிச்சாயம் என்று செலவழிக்கும்போதுதான் அந்த வரியின் தொலைநோக்கு புரிகிறது. நான்கரை.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான பகுதி: பால்.

ஃபாரின் கரஸ்பாண்டன்ட் (1940) படத்தில் ராபர்ட் பெஞ்ச்லி ஏற்ற பத்திரிகையாளர், மதுவை மருத்துவர் தடுத்துவிட்டதால் பால் குடிக்கிறார். சஸ்பிஷன் (1941) படத்தில் கேரி கிராண்ட் மனைவிக்குப் பால் எடுத்துவருகிறார். ஸ்பெல்பவுண்ட் (1945) படத்தில், கையில் சவரக்கத்தியோடு இறங்கிவரும் கிரிகரி பெக்குக்கு வயதான மருத்துவர் மருந்து கலந்த பாலைக் கொடுக்க, டம்ளரின் அடிவழியே நாமும் பார்க்க, திரை முழுதும் வெளுக்கிறது. சைக்கோ (1960) படத்தில் நார்மன் பேட்ஸ் சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவருகிறான். விருந்தாளி சாப்பிடுகிறாள், அவன் தொடவில்லை.

இவற்றின் இடைவெளிகளைக் காண்க: 1, 4, 15 ஆண்டுகள். ஒவ்வோர் எண்ணையும் நான்கால் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது கிடைக்கிறது. நான்கை நான்கால் பெருக்கி ஒன்றைக் கழிக்கப் பதினைந்து. இவ்விதிப்படி அடுத்த இடைவெளி 56. ஆகவே அடுத்த பால் 2016-ல் வந்திருக்க வேண்டும். இயக்குநர் 1980-ல் காலமானார். விதி பொய்த்தது என்று இதனால் முடிவு கட்டலாகாது, நிலுவையில் உள்ளது. இதைவிட மெலிந்த சான்றுகளை வைத்துப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கியிருக்கின்றன.

நான்கனுள் சஸ்பிஷன் பாலே பேரிலக்கியம். இருண்ட மாடிப்படி. கணவன் தட்டில் ஒற்றை டம்ளருடன் ஏறிவருகிறான். பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாதிருக்கப் பாலுக்குள் ஒரு மின்விளக்கை வைத்து ஒளிரச் செய்தார் ஹிட்ச்காக். பாலில் நஞ்சு இருக்கிறதா என்பதே இளையோர் கேள்வி. முதிர்ந்த பார்வையில் எழும் கேள்வி வேறு: அது காய்ச்சிய பாலா, காய்ச்சாத பாலா?

ஆவி பறக்கவில்லை, ஆடை படியவில்லை, ஆகவே காய்ச்சாத பால் என்பார் சோபா உரையாசிரியர். காய்ச்சி ஆற வைத்து, ஆடையை எடுத்துத் தனியே ஒதுக்கியபின் கொண்டுவந்தது என்பார் வாசற்படி உரையாசிரியர். (இவர் சமையலறை வாசலில் நின்றபடி எல்லாப் படங்களையும் துண்டு துண்டாகப் பார்த்தவர், கதை முழுதும் தெரியாததால் இவர் கணிப்பு ஒருபோதும் தவறியதில்லை.) உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் மாடியை அடைவதற்குள் அதுவே காய்ந்திருக்கும் என்பது சமரசக் கட்சி. இம்மூன்றையும் மறுத்து எழுந்த மறுப்புரைக்கு ஒரு சமாதானமும், அச்சமாதானத்துக்கு ஒரு குறிப்புரையும் உண்டு. குறிப்புரையின் ஒரே பிரதி, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் பின்புறத்தில், காபிக் கறை படிந்து, ஓரம் கரப்பான் அரித்த நிலையில் கிடைத்தது. அதில் 'பா' என்னும் ஓர் எழுத்தே தெளிவாக எஞ்சியுள்ளது. இதைப் 'பால்' என நிரப்பிப் படிப்பது பெரும்பான்மைப் பாடம். முன்பின் தேதிகளை நோக்க, 'பாக்கி' என்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து. தாழ்மையான கருத்து என்பது, மாற்றுக்கருத்தாளரோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்பதன் ஆய்வுலக வடிவம்.

அதைவிடப் பெரிய செய்தி மறுநாள் காலையில் காத்திருக்கிறது. மனைவி பாலைத் தொடவே இல்லை. டம்ளர் கட்டிலருகே அப்படியே இருக்கிறது, மூடிகூடப் போடாமல். படம் வந்த காலம் முதலே விமர்சகர்கள் கணவன் குற்றவாளியா இல்லையா என்று வாதாடி வருகிறார்கள். மூலநாவலில் அவன் கொலைகாரன். படத்தின் முடிவு வேறு. வேறொரு முடிவை மனத்தில் வைத்திருந்ததாக ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொன்னார். இதையெல்லாம் வைத்து மேலும் பல நூல்கள் வரும். ஒரு டம்ளர் பால் இரவு முழுதும் கெட்டுப்போக விடப்பட்ட குற்றத்தை விசாரிக்க மட்டும் எவரும் முன்வரவில்லை. மூன்று தாழ்ப்பாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவையும் சேர்த்தால் நான்கு.

சைக்கோவுக்கும் மதிப்பெண் அளித்தாக வேண்டும். குளியலறைக் காட்சியில் ஓடிய இரத்தம் சாக்லேட் சிரப் என்பது எல்லோர்க்கும் தெரியும். திருடிவந்த 40,000 டாலரில் 700-ஐ, தன் பழைய காரையும் மேலே கொடுத்து, பேரம் பேசாமல் ஒரு கார் வியாபாரியிடம் கதாநாயகி எண்ணிக் கொடுப்பதுதான் வயதேறியவரின் நெஞ்சை அடைக்கும் காட்சி. மிச்சத் தொகை செய்தித்தாளில் சுற்றியபடி, கொலைகாரனுக்கே தெரியாமல், அதே காரோடு சதுப்பில் மூழ்குகிறது. வயலின்கள் வீறிட வேண்டிய இடம் இது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் ஏனோ தவறவிட்டார். ஐந்து தாழ்ப்பாள், வால்வு உட்பட ஐந்தரை.

மேலாய்வுக்குரிய களமாக ஒன்றைச் சுட்டலாம். ஃப்ரென்சி (1972) படத்தில், பிரெஞ்சுச் சமையல் வகுப்புக்குப் போகும் மனைவி, போலீஸ் அதிகாரியான கணவருக்கு மீன்தலை மிதக்கும் சூப் பரிமாறுகிறார். மனைவி சமையலறைக்குள் சென்ற நொடியில் அவர் அதைப் பரிமாறிய பாத்திரத்துக்கே திருப்பி ஊற்றிவிட்டு, கொலை வழக்கைப் பற்றி அமைதியாகப் பேச்சைத் தொடர்கிறார். இவ்வுத்தியைக் களஆய்வு முறையில் சோதித்தறிய விரும்பும் திருமணமான ஆய்வாளர்கள் விண்ணப்பிக்கலாம். இணையரின் ஒப்புதல் கையொப்பம் கட்டாயம். காப்பீட்டுச் செலவை ஆய்வாளரே ஏற்க வேண்டும்.