ஆயில் விளக்கு எரிந்த காலம்

சொந்தக் கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் ஃபியட் என்றிருந்த நாட்களில் வளர்ந்தவர்களுக்கு மீட்டருக்குள் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும், எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும்; அதற்குமேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஓடும் வண்டியில் அது கண் சிமிட்டிவிட்டால், முன்சீட்டுச் சொத்துத் தகராறும் பின்சீட்டுப் புளியோதரை விநியோகமும் ஒரே நொடியில் நின்றுபோகும். "ஆயில் பிரஷர்!" என்று யாரோ சொல்வார்கள். அம்மா பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் வேண்டிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் இருந்தது பழைய பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், ஊரார் வாயில் என்றைக்கும் ஃபியட்தான். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டெடுத்து அளவு பார்க்கும் உத்தியோகம் எனக்கு. மற்றவர்களுடைய வண்டியெல்லாம் ஆயிலைக் குடித்துப் புகை கக்கிக்கொண்டிருக்க, எங்கள் வண்டியில் மட்டும் அளவு குறையவே குறையாது; போகப்போகக் கொஞ்சம் ஏறவும் செய்தது. கல்லூரி முதல் வருடத்தின் முழுக் கம்பீரத்தோடு, அது என் பராமரிப்பின் பலன் என்று மாமாக்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களும் நம்பினார்கள், அந்தக் காலத்து மாமாக்கள் அப்படி.

அந்தப் பெருமை ஒரு மே மாத மத்தியானம் விழுப்புரத்துப் பக்கம் ரயில்வே கேட் ஒன்றில் நின்றபோது கலைந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மினுக்கியது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணைந்தது. கேட்டில் காத்திருந்த அத்தனை பேரும் வைத்தியர்களானார்கள். பம்ப் போச்சு என்றார் ஒரு லாரி டிரைவர். பேரிங் தேய்ந்திருக்கும், எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்றார் சைக்கிளில் வந்த பெரியவர். விளக்கையே கழற்றிவிட்டால் நிம்மதி என்றார் வெள்ளரிக்காய் விற்றவர். இன்று நான்குவழிச் சாலையில் வண்டி நின்றால் நூறு கார்கள் கடந்துபோகும், ஒருவர்கூட இறங்கி ஒரு தப்பான யோசனை சொல்ல மாட்டார்.

புளியமரத்தடிப் பட்டறைக்காரரை ஊரே பாய் என்று கூப்பிட்டது. அவர் முதலில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. "ஒயர்ல ஷார்ட் இல்ல சார்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சுவிட்சையே கழற்றி, அந்தத் துளையில் தகரப்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கேஜை முடுக்கினார். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முள் அதற்கு வெகு கீழே படுத்திருந்தது. சம்பை இறக்கினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும், பேரிங்கைப் பார்த்தால் கிராங்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா மனதுக்குள் செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பாய் டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். "தம்பி, இது ஆயில் இல்ல, ரசம்" என்றார் என்னைப் பார்த்து.

பெட்ரோல் வாடை. ஏசி பம்பில் (குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெட்ரோல் பம்பைத்தான் பட்டறைகளில் அப்படிச் சொல்வார்கள்) டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் நீர்த்துப்போய், சூட்டில் இன்னும் இளகி, பேரிங் இடுக்குகளில் நிற்காமல் வழிந்துவிட்டது. அதனால் பிரஷர் இல்லை. நான் பெருமைப்பட்ட ஏற்றம் அந்தப் பெட்ரோல்தான். டயாஃப்ரத்தை மாற்றி, பழையதை வடித்துப் புது ஆயில் ஊற்றும்வரை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பையன் வாங்கிவந்த டீயைக் குடித்து, நேற்றைய தினத்தந்தியைப் பங்கு போட்டுப் படித்து, பாயின் மகள் கல்யாணப் பேச்சு வரைக்கும் தெரிந்துகொண்டோம்.

போன வருடம் மகனுடைய காரில் அதே விளக்கு, இப்போது திரையில் ஒரு வாசகத்தோடு எரிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அவன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினான். செல்போனில் பி0524 என்று வந்தது. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். ஆயில் பிரஷர் குறைவாம். விளக்கு சொன்னதையே எண்ணில் சொல்ல விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

வண்டியை லாரியில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். குளிரூட்டிய அறை, மிஷின் காபி, கண்ணாடிக்கு அப்பால் எஞ்சின், உள்ளே போகக்கூடாது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், சீருடைப் பையன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கேஜை முடுக்கிக்கொண்டிருந்தான்! முள் நன்றாகவே எழுந்து நின்றது. பிரஷரில் குறையில்லை, பழுது சென்சாரில்தான். மாற்றினார்கள், பில்லில் பொருளைவிடக் கூலி அதிகம். ஊற்றுகிற ஆயிலைக் கேட்டேன், 0டபிள்யூ-20 என்றார்கள். 20டபிள்யூ-40 ஊற்றி வளர்ந்த என் கைக்கு அது பாய் முகம் சுளித்த அதே ரசம். இன்று அதை முழுச் செயற்கை ஆயில் என்று டப்பாவில் அடைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நெருக்கமான இடுக்குகளோடு செய்யப்பட்ட இன்றைய எஞ்சினுக்கு அதுதான் சரியாம், பெட்ரோலும் மிச்சமாம். இருக்கட்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதுமென்பதும் லாபம்தான். பாயைப் போய்ப் பார்க்கத்தான் காரணமில்லாமல் போயிற்று.

உங்கள் வண்டியில் அது எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சமதரையில் சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள், அளவு ஏறியிருந்தால் முகர்ந்தும் பாருங்கள். சில புதுக் கார்களில் டிப்ஸ்டிக்கே வைப்பதில்லை. அந்த வசதி படைத்தவர்கள் நேராக லாரிக்குப் போன் செய்துவிடலாம்.