கடலூரான் கப்பலேறிய கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர்ப் பையன் அங்குள்ள அண்ணாமலை நகர் விடுதிக்குக் கிளம்பும் தடபுடலைப் பார்த்தால், பிள்ளை பினாங்குக்குக் கப்பலேறுகிறான் என்றே தோன்றும். பெயின்டில் பெயர் எழுதிய பக்கெட், பூட்டுக்கு மூன்று சாவி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு டப்பா முறுக்கு.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-இல் அங்கே பல்கலைக்கழகம் கண்டார். 2013-இல் நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. முறுக்கு டப்பாவின் சட்டத்தை மட்டும் எந்த அரசும் திருத்தவில்லை: திறந்த நொடியே அது பொதுச்சொத்து. மதியம் "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டவன், நாலாவது முறுக்கில் "டேய் மச்சான்" ஆகிவிடுகிறான். மறுநாள் பக்கெட்டைக் காணோம். எடுத்தவர் யார் என்பதுதான், கோயிலுக்கு வெளியே உள்ள சிதம்பர ரகசியம்.

முதல் வாரம் வீட்டு நினைப்பில் கண் கலங்குகிறவன் இந்தக் கடலூரான். தோளில் தட்டித் தேற்றுகிறவன், தீபாவளிக்குத்தான் ஊருக்குப் போகப்போகும் நாகர்கோவில்காரன். அதைவிடக் கொடுமை, அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா. சனிக்கிழமை வர்றேன். அப்பாவை முதுநகர்ல வஞ்சிரம் வாங்கச் சொல்லு."

"ஒருத்தனுக்கு எதுக்குடா வஞ்சிரம்?"

"ஆறு பேர் வர்றோம்மா."