தூபக்கால் துரை

வாரம் முழுக்க ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிதருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்ததும் எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடும். கொட்டாங்கச்சியை கேஸ் அடுப்பில் காட்டிப் பற்றவைப்பார். கனன்றதும் இடுக்கியால் தூபக்காலில் இட்டு, பழைய காலண்டர் அட்டையால் விசிறுவார். மேலே தூவுவது வெறும் சாம்பிராணி இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி, வெட்டிவேர், கொஞ்சம் வெண்கடுகு எல்லாம் சேர்த்துப் பொடித்த சொந்தத் தயாரிப்பு. கம்ப்யூட்டர் சாம்பிராணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அளவு என்ன என்று கேட்டால் சொல்லமாட்டார். எதில் அரைத்தார் என்பதை மட்டும் மறுநாள் தேங்காய்ச் சட்னி சொல்லிவிடும்.

இவரைப் பக்திமான் என்பார்கள், பாதி வைத்தியர் என்பார்கள். இவர் தணிக்கை அதிகாரி என்பது என் கட்சி. அவர் போகும் வழியைப் பாருங்கள். சாமி படத்துக்கு அரை நிமிஷம். பிறகு பீரோ திறக்கும், கட்டிலடி ஆராயப்படும், மகன் அறைக்குள் கதவைத் தட்டாமலே பிரவேசம். “இது என்னடா, இன்னொரு ஷூவா?” கையில் தணல் இருப்பவரை யார் மறிப்பது? கடைவீதியில் மயிற்பீலியால் விசிறிச் சாம்பிராணி போடும் பக்கீரும் இதே புகையைத்தான் கொண்டுவருகிறார். ஆனால் கல்லாவுக்கு நேரே காட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். எத்தனை மூட்டை இருப்பு என்று அவர் எண்ணுவதில்லை.

கொசு போகிறதே என்பார்கள். தொழுவத்தில் நொச்சி மூட்டம் போடும் வழக்கம் பழையதுதான், மறுக்கவில்லை. தொழுவம் நாலு பக்கமும் திறந்து கிடக்கும். நம் துரையோ “புகை வெளியே போயிடும்” என்று சன்னல்களை எல்லாம் சாத்தியபின்தான் ஆரம்பிப்பார். கிருமி சாகும் என்பது அடுத்த வாதம். அடைத்த அறையில் கரியும் பிசினும் எரிந்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் சேரும்; இளைப்பு இருக்கிற பாட்டிக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. பாரம்பரியம் என்று வந்தால் துரை குங்கிலியக்கலய நாயனாரைத் துணைக்கு அழைப்பார். நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் குங்கிலியமாக மாற்றியவர் அவர், வீட்டில் பட்டினி. அந்தப் புகை போனதும் திருக்கடவூர்க் கோயிலுக்கு, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு இல்லை. போதாக்குறைக்கு, துரை நம் மண்ணின் வாசனை என்று மார்தட்டும் சாம்பிராணிப் பிசின், சுமத்ரா போன்ற கிழக்குச் சீமைகளிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு.

வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் ஈரத்தலையில் ஒட்டிய சாம்பிராணி மணத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ஆகையால் துரையிடம் ஒரு விண்ணப்பம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். பாட்டியை முதலில் வாசலில் உட்காரவையுங்கள். மகன் அறைக் கதவை ஒருதரம் தட்டுங்கள். எல்லாம் முடிந்தபின் அந்த மிக்ஸி ஜாரைப் புளி போட்டு நீங்களே கழுவி வைத்துவிடுங்கள்.