கோட்டுக்கு வெளியே இருந்தவர்களின் இரங்கல்

பெறுநர்: ஒன்றிய சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 213 மறைவு – மதுரை மாவட்டம், பரவையிலிருந்து இரங்கல் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1925-இல் பிறந்த பிரிவு 213, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கையால் நூறாவது வயதில் காலமானது. குறிப்பிட்ட சில உயில்களுக்குப் புரோபேட் (உயில் மெய்யென நீதிமன்றம் தரும் சான்று) வாங்காவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் அவற்றின்படி உரிமையை நிலைநாட்ட முடியாது என்பதே அது காத்துவந்த நெறி. இந்துக்களின் எந்த உயில்கள் என்பதை 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் முடிவுசெய்து வைத்திருந்தது. வங்காளத் துணை ஆளுநரின் ஆட்சிப்பகுதி, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லை ஆகியவற்றுக்குள் எழுதியவை. அல்லது வெளியே எழுதினாலும் அங்குள்ள அசையாச் சொத்தைத் தொட்டவை. துணை ஆளுநர் போய்ச் சேர்ந்தார், பம்பாய் மும்பை ஆயிற்று. அன்று இழுத்த இந்த எல்லைக் கோட்டுக்கு மட்டும் ஓய்வு வயது வைக்க மறந்துவிட்டார்கள்.

அந்தக் கோட்டின் அறிவுக்கூர்மையைப் பரவையிலிருந்து பார்த்தால்தான் முழுதாக ரசிக்க முடியும். இங்கே இருந்தபடி, இங்குள்ள வயலுக்கு உயில் எழுதிய இந்துவுக்குப் புரோபேட் கட்டாயமில்லாமல் இருந்தது. அதே மனிதர் சென்னை மயிலாப்பூரில் சிகிச்சைக்குப் போன இடத்தில் அதே வயலுக்கு உயில் எழுதியிருந்தால் கட்டாயம். பரவையில் எழுதிய உயிலில் மயிலாப்பூர் வங்கியின் வைப்புத்தொகை எவ்வளவு இருந்தாலும் தொல்லை இருந்ததில்லை. அங்கே ஓர் ஒற்றை அறை இருந்திருந்தால் தொல்லை. அதே தெருவில் இஸ்லாமியரின் உயிலுக்குப் பிரிவு 213 பொருந்தவில்லை. கிறித்தவருக்கு 2002 திருத்தம் விடுதலை தந்தது. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளையே மதுரைக்கு வந்தது. அசல் உரிமையியல் அதிகாரம் உடன் வராததால் கோடும் வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டாகப் புரோபேட் கட்டாயமில்லாமல் சொத்துகள் கைமாறிய இந்தச் சமவெளி இன்னும் இடம்பெயராமல்தான் இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

கட்டாயம் இல்லாவிட்டால் போலி உயில்கள் பெருகுமே என்று மறைந்தவரின் அன்பர்கள் கேட்கலாம். உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற விதி கோட்டின் இருபுறமும் ஒன்றே; சந்தேகம் எழுந்தால் உயிலை நம்பி வருபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் ஒன்றே. தகராறு உள்ள குடும்பம் விரும்பினால் இன்றும் புரோபேட் கேட்கலாம். சொத்து வாங்குபவருக்கு அது பாதுகாப்பாயிற்றே என்பது அடுத்த வாதம். புரோபேட் மெய்ப்பிப்பது உயிலைத்தான், சொத்தின் மீதான உரிமையை அல்ல. பூர்வீகச் சொத்தில் தம்பியின் பங்கையும் சேர்த்து அண்ணன் எழுதி வைத்தால், நீதிமன்ற முத்திரை விழுந்த பிறகும் தம்பி பங்கு தம்பிக்கே. வீடு, நிலம், நகை, பங்குப் பத்திரம் என எதுவானாலும், எழுதியவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுக்குத்தான் அந்தக் காகிதம் செல்லும். வரலாற்றுக் காரணம் உண்டு என்பது கடைசி வாதம்; 2001-இல் கிளாரன்ஸ் பாய்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கோடு எப்படி வந்தது என்பதை வரலாறு விளக்கும். ஏன் இருக்க வேண்டும் என்பதை அது விளக்காது.

ஆகவே இரங்கலோடு ஒரு விண்ணப்பம். கோட்டுக்கு வெளியிலும், சட்டம் கேட்காத புரோபேட்டை வழக்கம் கேட்டதுண்டு. பிரிவு போன பிறகும் அந்த வழக்கம் போகாமலிருந்தால், பரவைக்காரர் லாபமாக எதையும் பெறப்போவதில்லை. மயிலாப்பூர்க்காரர் மட்டும் எங்கள் நிலைக்கு வந்து சேர்வார். சட்டப் புத்தகத்திலிருந்து பிரிவை நீக்க நாடாளுமன்றம் இருக்கிறது. அலுவலகப் படிவங்களின் இணைப்புப் பட்டியலிலிருந்து புரோபேட்டை நீக்க எந்த மேசையில் மனுக் கொடுப்பது என்பதை, அடுத்த நூறாண்டுக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டாயம் இல்லாமலே வாழ்ந்து பழகிய பரவைக் குடிமக்கள் சார்பில் ஒருவர்.