காதோடு காதாக

எங்கள் தாத்தாவுக்கு டீக்கடை நண்பரின் கரகரக் குரல் கேட்கிறது. பாட்டி கூப்பிட்டால் மட்டும் கேட்பதில்லை. நடிப்பா?
– வாசகி, கோவில்பட்டி

பாட்டி கூப்பிடுவது ரேஷன் கடைக்கா, சாப்பாட்டுக்கா?

இரண்டுக்குமே அசையவில்லை என்றால் தாத்தா நிரபராதி. மூப்பில் முதலில் போவது கீச்சு ஒலிதான். பெண்கள், பேரப்பிள்ளைகள் பேச்சு மங்கும், கனத்த ஆண்குரல் தப்பிக்கும். உலகில் 60 தாண்டியவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்தப் பாடு. உங்கள் ஊரில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மில்லில் எத்தனை வருஷம் ஷிஃப்ட் பார்த்தார்? இரைச்சலால் வரும் காதுகேளாமை, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு கேட்கிறதே என்று வாதாடாதீர்கள். அது கோவில்பட்டிக்கே கேட்கும்.

கத்திப் பேசினால் கேட்குமா?

தெரு முழுக்கக் கேட்கும், தாத்தாவைத் தவிர! கத்தினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது. டி.வி.யை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். உதடும் பாதி பேசும்.

காதில் மெஷின் மாட்டினால் 'செவிட்டுக் கிழவன்' என்பார்களாமே?

மூக்கில் கண்ணாடி மாட்டினால் மட்டும் 'வாத்தியார் மாதிரி' என்கிறோம்? முதலில் குடைந்து பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம், கோழி இறகால் அல்ல. சில சமயம் வெறும் குரும்பிதான்.