புது மாப்பிள்ளை லெவல்

புதிதாக இறக்கிய எந்த வீடியோ கேமும் முதல் ஒரு வாரத்துக்கு நம்மைப் புது மாப்பிள்ளையாகத்தான் நடத்தும். வாசலில் கால் வைத்ததும் நூறு தங்கக் காசு. ஒரு பொத்தானைத் தொட்டால் வாணவேடிக்கை. தப்பான இடத்தில் தொட்டாலும் கோபப்படாது. வெள்ளைக் கை ஒன்று வந்து, "இங்கே தொடுங்கள்" என்று பொறுமையாகக் காட்டும். எதிரி என்று வருகிறவன்கூட நம்மைச் சுடுவதற்கு முன்னால் நின்று நாலு தடவை யோசிப்பான். மறுவீட்டு விருந்தில் சீலா மீனை முள் எடுத்து இலையில் வைப்பார்களே, அந்த உபசாரம். முப்பதாவது லெவலுக்கு மேல் எல்லாம் மாறும். காசு குறையும், கை காட்ட ஆள் வராது, எதிரி யோசிக்க மாட்டான். ஒருநாள் காலையில் கூடையைக் கையில் கொடுத்து, "ஏலத்துக்குப் போய் நீங்களே வாங்கிட்டு வந்திருங்க" என்று சொல்லிவிடும்.

கூடை நீட்டப்படுவதற்கு முன்பே அடுத்த வீட்டு விருந்துக்குக் கிளம்பிவிடுகிற ஜாதி நான்.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்; குடியிருப்பது தூத்துக்குடியில் திரேஸ்புரம். ஆபீஸில் ஒரே நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே டீக்கடை, ஒரே மளிகைக் கடை, ஒரே முடிவெட்டுகிறவர். ஊருக்குள் எனக்கு நிலையானவன் என்றுதான் பெயர். போனுக்குள் நான் ஒரு நாடோடி. லாரி ஓட்டியிருக்கிறேன், ராஜ்ஜியம் ஆண்டிருக்கிறேன், தக்காளி விதைத்துவிட்டு அறுவடைக்கு நிற்காமல் ஓடியிருக்கிறேன். மகனுடைய புதுநன்மை வீடியோவை அழித்துத்தான் ஒரு கார் ரேஸுக்கு இடம் பிடித்தேன் என்று எங்கள் வீட்டில் ஒரு வதந்தி உண்டு. அபாண்டம். அது கார் ரேஸே இல்லை, டிராக்டர்.

ஒரு சமயம் மீன் பிடிக்கிற கேம் ஒன்றை இறக்கினேன். திரேஸ்புரத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். என் மச்சான் நாட்டுப்படகு வைத்திருக்கிறவர். அன்றைக்குச் சனிக்கிழமை. வாரம் முழுக்கக் கடலில் கிடந்த படகுகள் எல்லாம் கரையேறி, ஏலக்கூடத்தில் சீலாவும் விளைமீனும் ஊளியும் பாறையும் குவிந்து, தூத்துக்குடியே மஞ்சள் பையோடு இங்கே வந்து நிற்கிற நாள். ஏலம் முடித்து, உப்பு காய்ந்த சட்டையோடு வந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நல்ல சைஸா இருக்கு. என்ன மீன்?"

"பேர் தெரியல மச்சான். ஐநூறு காசு தருவான்."

"யார் எடுக்கா?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரியே கடல் தொழிலை விட்டுவிட்டேன்.

இந்தக் குணத்துக்கு விதை போட்டது ஒரு கேசட். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள் நம் ஊர்க் கடைகளில் தொங்கின. அதில் செருகுகிற மஞ்சள் கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு! உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்கள்தான். அவையே பெயரும் எண்ணும் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஓர் எண்ணில் மரியோ முதல் கட்டத்தில் நிற்பான், இன்னோர் எண்ணில் மூன்றாம் கட்டத்தில் நிற்பான், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தெருவில் ஒருவன் மரியோவை மட்டும் பிடித்துக்கொண்டான். எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், ஆக 32 கட்டங்களையும் தாண்டி ஒரு மே மாத விடுமுறையில் இளவரசியை மீட்டுவிட்டான். அந்த விடுமுறை முழுக்க நான் பட்டியலின் நாலாயிரங்களில் இருந்தேன், இன்னும் கீழே வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. கீழேயும் மரியோதான் இருந்தான்.

கான்ட்ரா என்ற ஆட்டத்தில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் என்று அழுத்தி, பிறகு பி, ஏ என்று தட்டினால் 30 உயிர் கிடைக்கும். முப்பதையும் முதல் நீர்வீழ்ச்சிக்குள்ளேயே செலவழித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்டவனுக்கு 2020 ஊரடங்கில் ஞானம் வந்தது. இனி ஒரே கேம், சாகும்வரை அதுதான் என்று தீர்மானித்து, பப்ஜியைத் தேர்ந்தெடுத்தேன். துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கற்று, கூட ஆடுகிற பொடியன்கள் என்னை "அங்கிள், நீங்க ஓடாம நில்லுங்க" என்று மரியாதையாக ஓரங்கட்டும் அளவுக்கு முன்னேறியிருந்தேன். செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை போட்டது. அதில் என் கேமும் போனது.

ஃப்ரீ ஃபயருக்குக் குடிபெயர்ந்தேன். இதையாவது கைவிடக் கூடாது என்றிருந்தேன். 2022-இல் இன்னொரு 54 செயலிகளைத் தடை செய்தார்கள். பட்டியலில் ஃப்ரீ ஃபயர். தேதியைப் பாருங்கள்: பிப்ரவரி 14. உலகமே காதலர் தினம் கொண்டாட, எனக்குப் பிரிவாற்றாமை. இதற்குள் பப்ஜியின் இந்திய அவதாரமாக 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்திருந்தது. அதில் தஞ்சம் புகுந்தேன். 2022 ஜூலை 28 சாயங்காலம் அதையும் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்த நாளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டைப் பிரதமர் தொடங்கி வைத்ததும் அதே நாள், அதே சாயங்காலம். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை "தம்பி" கைகூப்பி நின்ற படம் எல்லாத் திசையிலும். இங்கே பனிமய மாதா கோயிலில் கொடியேறித் திருவிழாக் கூட்டம். நாடே ஏதோ ஒரு கொண்டாட்டத்தில் இருக்க, நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றேன். ஒரு கதவை மூடி மறு கதவைத் திறந்து, "ஐயா, சதுரங்கத்துக்கு வாரும்" என்று சர்க்காரே எனக்காகச் சொன்னதாகத்தான் அன்று பட்டது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது கதையின் உபரிச் சோகம். வேறொரு கேமுக்கு இடம் வேண்டும் என்று நான் அதை முந்தின வாரமே அழித்திருந்தேன். 2023 மே மாதம் அது திரும்பி வந்தபோது எனக்கு அதன் மேல் இருந்த ஏக்கமெல்லாம் ஆறிப்போயிருந்தது.

கேம் கம்பெனிகள் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. இறக்கியவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். முப்பதாம் நாள் கணக்குதான் அவர்களுக்குச் சோறு போடுவது. தினம் உள்ளே வந்தால் பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பெட்டி என்று ஆசை காட்டுவதெல்லாம் அதற்காகத்தான். முதல் நாள் கணக்கில் என்னைப் பார்த்து எங்கோ ஒரு மேனேஜர் சந்தோஷப்பட்டிருப்பார். முப்பதாம் நாள் அவருக்குச் சம்பள உயர்வு போயிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சதுரங்கத்துக்கு நான் போகவில்லை, மகனை அனுப்பினேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ், 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனை வீழ்த்தி 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் வீட்டில் நான் ஆற்றிய உரை அக்கம்பக்கத்தாருக்கும் கேட்டது. "2013-இல் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் மோதினார்கள். அந்த வருஷம் தொடங்கிய பையன். ஏழு வயசு. பன்னிரண்டு வயசில் கிராண்ட்மாஸ்டர். ஒன்றையே பிடித்தான். அதையே பிடித்தான்." தமிழக அரசு அறிவித்த 5 கோடி ரூபாயையும் இடையிடையே சொன்னேன், தத்துவத்துக்கு ஒரு தொகை இருந்தால் பிள்ளைகள் மனதில் பதியும்.

மகன் கேட்டுக்கொண்டான். பிறகு அவன் பங்குக்கு ஒரு தகவல் சொன்னான். 1989-இல் வந்த நிண்டெண்டோ டெட்ரிஸை முப்பத்து நாலு வருஷமாக எந்த மனிதனும் முடித்ததில்லையாம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன் 157-ஆம் லெவல் வரை போனான். அதற்கு மேல் தாங்க முடியாமல் கேமே உறைந்து நின்றுவிட்டது.

"அவன் ஆடி கேம் நின்னுச்சுப்பா. நீங்க ஆடினா போனுல்ல நிக்குது?"

பிள்ளைகளைத் தேவைக்கு மேல் படிக்க வைத்துவிட்டோம்.

"ஏல, அப்பாவ அப்படிப் பேசாத" என்று அடுக்களையிலிருந்து மனைவி அதட்டினாள். அதட்டலில் சிரிப்பு கலந்திருந்தது.

வீட்டில் உண்மையான ஆட்டக்காரர் என் மாமியார். தெரிந்தது ஒரே கேம், கேண்டி க்ரஷ். 2012-இல் வந்தது. 15,000 லெவலைத் தாண்டியும் இன்னும் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். அத்தை நாலாயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறார். ஜெபமாலை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு உட்காருவார். அவசரம் கிடையாது. ஒரே லெவலில் மாதக்கணக்கில் நிற்பார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. ஐந்து உயிர் தீர்ந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவப் போய்விடுவார். அரை மணிக்கு ஓர் உயிர் முளைக்கும் என்பது அவருக்கு நீரோட்டம் மாறுகிற நேரத்தைப் போல மனப்பாடம்.

அது பரம்பரை. அவருடைய அப்பா முத்துக்குளித்தவர். மன்னார் வளைகுடா முத்துப் பார்களில் சிப்பி நினைத்தால் விளையும், நினைத்தால் வருஷக்கணக்கில் காணாமல் போகும். அதிகாரிகள் பாரைச் சோதித்துப் பார்த்து, சிப்பி முற்றிவிட்டது என்று அறிவித்தால்தான் குளிப்பு. 1955-இலிருந்து அடுத்தடுத்துச் சில பருவங்கள் நடந்தன, 1961-உடன் சரி. இங்கே பெரிய குளிப்பு அதற்குப் பிறகு நடக்கவேயில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர்களுக்கு அதில் வேலை இல்லை. அவர்கள் சங்குக்குப் போனார்கள், வலைக்குப் போனார்கள்.

அத்தை சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அன்று கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா, எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. வாங்கியவர் அதை அழுகவிட்டு, ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ள, கழுவிப் பார்த்துத்தான் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்வார். இன்றைக்குக் காசு கட்டி மூடிய பெட்டியை வாங்கி உள்ளே என்ன துப்பாக்கி இருக்கிறது என்று பார்க்கிற பையன்கள், இது ஏதோ வெளிநாட்டுக்காரன் மூளை என்று நினைக்கிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரை இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டது. நாற்றம் மட்டும்தான் மிச்சம்.

போன மாதம் அத்தைக்கு ஓர் இக்கட்டு. பொல்லாத லெவல் ஒன்று. உயிர் முளைப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. தெரிந்தவர்கள் யாராவது அதே கேமை வைத்திருந்தால் உயிர் அனுப்பலாம் என்று பேரன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான்.

"மருமவனே, எல்லாக் கேமையும்தான் இறக்குதீங்க. இதை ஒண்ணு இறக்கி எனக்கு உயிர் அனுப்பப்படாதா?"

இறக்கினேன். முதல் லெவலிலேயே அந்தக் கட்டைக் குரல் "ஸ்வீட்" என்றது. அடுத்ததில் "டேஸ்டி". அதற்கடுத்து "டிவைன்" என்றபோது எனக்குச் சங்கோஜமாகவே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. வழக்கம்போல முப்பதுகளில் போய் மாட்டினேன். குரல் அடங்கிவிட்டது. வழக்கம்போல விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் அத்தை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றின் மேல்முனையை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவள் தாலிக்கு அவன்தானே பொறுப்பு, தூங்கிவிட மாட்டான். இந்த வீட்டில் இப்போது மாமியார் இறங்குகிறார், மருமகன் கயிறு பிடிக்கிறேன். விடியற்காலையில் ஒன்று, ஆபீஸ் டீ நேரத்தில் ஒன்று, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒன்று என்று உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பத் தாமதமானால் மத்தியானச் சாப்பாட்டில் மீன் துண்டின் அளவு மாறுகிறது. நான் என்னவோ இன்னும் அதே முப்பதுகளில்தான். முப்பதாம் நாள் கணக்கில் என் பெயர் வந்தாகிவிட்டது. அந்த மேனேஜர் இதைக் குலசாமி புண்ணியம் என்று நினைத்திருப்பார்.

நேற்று மச்சான் வந்திருந்தார். காற்று பலம், கடலுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தன் போனை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, படகுல எல்லாப் பயலும் லூடோ ஆடுதானுவ. நாலு பேருக்கு ஒரு கை குறையுது. நீங்களும் இறக்கிக்கிட்டா நல்லாருக்கும்."

மனைவி அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். அத்தை ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. எத்தனை எம்.பி. என்று மட்டும் கேட்டேன்.