பத்தியக்காரியின் புருஷன்

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் என்பது ஊரறிந்த கணக்கு. அவள் புருஷனுக்கு எத்தனை நாள் என்று மட்டும் எந்தச் சித்தரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் குறையை மலேசிய அரசாங்கம் தீர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள் விடுப்பு (முன்பு 60), தகப்பனுக்கு 7 நாள். ஏழு நாளும் மகளை மடியில் போட்டுக் கொஞ்சலாம் என்று நம்பித்தான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பாரிட் புந்தாரிலிருந்து மாமியார் வந்து இறங்கும்வரை நம்பிக்கை நன்றாகத்தான் இருந்தது.

"மாப்பிள்ளை, மோட்டார எடுங்க" என்று ஒரு சீட்டை நீட்டினார். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை, கருஞ்சீரகம், பெருங்காயம், கருப்பட்டி. நிபோங் திபால் மளிகைக் கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும், "ஆம்பளையா, பொம்பளையா?" என்றார். கேட்டது என்னைப் பற்றி அல்ல என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சதகுப்பைக்கும் சீரகத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்பதை என் முகத்திலேயே படித்துவிட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தார்.

மருந்தை வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். மிக்சி இருக்கிறதே என்றேன். அந்தச் சூட்டில் வாசம் போய்விடும் என்று உலக்கையைக் கையில் கொடுத்தார் அத்தை. திப்பிலித் தூள் மூக்கில் ஏறி நான் போட்ட தும்மலில் தொட்டில் பிள்ளை வீரிட்டது. அதற்கும் திட்டு எனக்குத்தான். அப்புறம் கருப்பட்டிப் பாகில் பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டு, கையெடுக்காமல் கிண்ட வேண்டும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தால் பதம். அதற்கு முன்பே என் தோள்பட்டை பதமாகிவிட்டது.

காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காயளவு லேகிய உருண்டை மனைவிக்கு. சட்டி வழிப்பது என் பங்கு. இறங்க வேண்டியவளுக்கு வயிறு இறங்கியது. அது எங்கே போயிற்று என்று என் சட்டைப் பொத்தானைக் கேட்டால் சொல்லும்.

பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் 44 நாள் பந்தாங் (அவர்கள் பத்தியம்) என்றார்; வயிற்றைச் சுற்றிக் கட்டப் பெங்குங் துணியும், சுட்ட கல்லால் ஒத்தடமும் சிபாரிசு செய்தார். எதிர்வீட்டுச் சீன ஆன்டிக்கு ஒரு மாதக் கணக்கு. இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்ட கோழிதான் மருந்து. நாள் கணக்கில் ஒத்துப்போகாத மூவரும் காற்று பிடிக்கக் கூடாது, குளிர்ச்சி ஆகாது, இஞ்சி இல்லாமல் முடியாது என்பதில் ஒன்றானார்கள். 'ஒரே மலேசியா' என்று அரசியல்வாதிகள் மேடை போட்டுக் கேட்டது, எங்கள் வேலியோரத்தில் இஞ்சியால் நடந்தது. இஞ்சி வாங்க என்னை அனுப்புவதிலும் மூவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அத்தையையே அடக்கியவர் வீடு தேடி வந்த கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு ஊதும் என்ற அத்தையிடம், பால் கொடுக்கிறவள் தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும் என்றார். குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தொட்டில் சேலையை முகர்ந்தார். அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து வந்த சேலை. ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையைக் கூட்டிவிடுமாம். அதற்காகத்தான் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்களாம். எங்கள் மகளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனாலும் பெட்டியிலிருந்த சேலை முழுவதும் துவைக்கப்பட்டது. துவைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

துவைத்த கையோடு துணிந்து சொன்னேன்: "அத்தை, மருந்துக் கடையில ஜாமு பெட்டி பெட்டியா விக்குது. சுடுதண்ணியில கலக்கிக் குடிச்சா வேலை முடிஞ்சுது."

"வாங்கலாம் மாப்பிள்ளை," என்றார். "பிள்ளை பெத்தவளப் படுக்க வச்சிட்டு, மத்தவங்கள வேல வாங்குற மருந்து அந்தப் பெட்டியில இருக்கா, கேட்டுட்டு வாங்க."

வாய் நிறைய லேகியம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. உலக்கையை எடுத்தேன்.